கதவைத் தட்டும் வன அலுவலகம்

நம் கல்லூரி ஆண்கள் விடுதியில் 2007 முதல் 2011 வரை இருந்தவர்களுக்கு வாட்ச்மேன் தாத்தாவை மறந்திருக்காது. பங்குனி பிறந்துவிட்டால் விடுதிக்குப் பின்னால் கரடு வரைக்கும் புல் காய்ந்து வெளுத்துப்போய் நிற்கும். ஒரு நாள் சாயங்காலம், காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து, கையில் ஈரச்சாக்கும் வேப்பங்கொத்துமாகத் தாத்தா வருவார். விடுதிச் சுவரை ஒட்டி ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குப் புல்லைத் தாமே கொளுத்துவார். எல்லை தாண்டும் இடத்தில் சாக்கால் ஓங்கி ஒரு அடி. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

முதலாம் ஆண்டில் நாங்கள் மொட்டை மாடியில் நின்று கைதட்டிக் கேலி செய்தோம். "என்ன தாத்தா, நெருப்பைத் தடுக்க நீங்களே நெருப்பு வைக்கிறீங்களே?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் வச்சா அது என் பேச்சைக் கேக்கும் தம்பி. அதுவா வந்தா யார் பேச்சையும் கேக்காது" என்றார்.

மலர்க் குழு நண்பர் ஃபோனில், "நீதான் குடிநீர் என்ஜினீயராச்சே, தண்ணியப் பத்தி ஏதாவது எழுதுடா" என்றார். தண்ணீரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இந்தக் கதை நெருப்பில் ஆரம்பிக்கிறது. தாத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய தேசத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. அந்த வாக்கியத்திலும் ஒரு ஓட்டை உண்டு என்பதை அது பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது.

கறுத்து ஓடிய ஆறு

2012 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் வந்து இறங்கினேன். ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிற ஊர். பூடர் என்ற ஆறு மலையிலிருந்து இறங்கி ஊருக்குக் குடிநீர் தருகிறது. பனி உருகி வரும் பளிங்குத் தண்ணீர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போய்ப் பார்த்தபோது ஆறு டிகாக்‌ஷன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

காரணம், அந்த ஜூன் மாதம் மலையில் ஒரு மின்னல் மூட்டிய ஹைபார்க் தீ. 87,000 ஏக்கருக்கு மேல் எரிந்து, 259 வீடுகள் சாம்பலாயின. அதன்பின் பெய்த மழை சாம்பலையும் வண்டலையும் வாரிக்கொண்டு ஆற்றில் சேர்த்தது. நகராட்சி ஆற்று நீர் எடுப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்து ஹார்ஸ்டூத் நீர்த்தேக்கத்தை நம்பி ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது.

வடிகட்டி, படிவுத் தொட்டி, படிகாரம் என்று நாம் நாலு வருஷம் படித்த பாடத்தில் காடு என்ற சொல் எத்தனை முறை வந்தது? என் நினைவில் ஒரு முறைகூட இல்லை. அன்றைக்குத்தான், என் வேலை குழாயில் ஆரம்பிக்கவில்லை, மலை உச்சியில் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் ஆரம்பிக்கிறது என்று புரிந்தது. அந்தத் தோட்டத்துக்காரரோடு பேசுவதற்கென்றே ஒரு அரசு அலுவலகம் இருப்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் பெயர் கொலராடோ மாநில வனச் சேவை. அதன் தலைமையகம் நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே இருந்தது.

நம் நாட்டுத் தொடர்பு

இந்தக் கதையின் வேர் நம் பக்கத்திலும் கொஞ்சம் இருக்கிறது. 1856இல் சென்னை மாகாணத்துக்கு வனக் காப்பாளராக ஹ்யூ க்ளெக்ஹார்ன் வந்தார். அதே ஆண்டு பர்மாவின் தேக்குக் காடுகளைக் கவனிக்க டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் வந்தார். பிராண்டிஸ் 1864இல் இந்தியா முழுமைக்கும் முதல் வனத்துறைத் தலைவரானார். காட்டுக்குள் நெருப்பே நுழையக்கூடாது, தீத்தடுப்புக் கோடு வெட்டு, காவல் போடு என்பது அன்றைய வனத்துறையின் கொள்கை. மலைவாசிகள் காலங்காலமாகப் புல்லுக்கும் பயிருக்கும் வைத்துவந்த நெருப்பு குற்றமாயிற்று.

பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிராண்டிஸைத் தேடி 1889இல் ஓர் இளம் அமெரிக்கர் போனார். அவர் பெயர் கிஃபோர்ட் பின்ஷோ. வன இயலில் பிராண்டிஸ்தான் அவருக்கு வழிகாட்டி. 1905இல் அமெரிக்க வனச் சேவை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் இந்தப் பின்ஷோதான். இந்திய அனுபவத்தின் வாசனை அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போனது இப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெருப்பை முழுக்கத் தடுத்த பர்மாக் காடுகளில் தேக்கங்கன்று சரியாக முளைக்கவில்லை, இந்தத் தீத்தடுப்பு அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று 1896இலேயே ஒரு வன அதிகாரி எழுதிவிட்டார். அந்தப் பாடம் மட்டும் கப்பலேறவில்லை.

பத்து மணி உத்தரவு

1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டே நாட்களில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 80 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் தீயணைக்கப் போன கூலித் தொழிலாளர்கள். எட் புலாஸ்கி என்ற ரேஞ்சர் தன் ஆட்கள் சுமார் 40 பேரை ஒரு சுரங்கத்துக்குள் ஓட்டிக்கொண்டு போய், வாசலில் நின்று காத்தார். சிலரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து என்று அவர் பெயரில் வழங்கும் கருவியைத்தான் இன்றைக்கும் அங்கே தீயணைப்பவர்கள் தோளில் சுமக்கிறார்கள். நம் மெக்கானிக்கல் நண்பர்கள் ஒரு முறை பார்க்க வேண்டிய எளிய வடிவமைப்பு அது.

அந்தத் தீயிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன.

ஒன்று, கூட்டுறவுப் பாதை. 1911இல் வீக்ஸ் சட்டம் வந்தது. கப்பல் போகும் ஆறுகளின் நீர்ப்பிடிப்பில் உள்ள காடுகளைத் தீயிலிருந்து காக்க, மத்திய அரசும் மாநிலமும் ஆளுக்குப் பாதி போட்டுச் செலவு செய்யலாம் என்றது அது. கவனியுங்கள், இதற்கும் ஆதாரம் தண்ணீர்தான். 1924இல் கிளார்க்-மெக்நேரி சட்டம் அதை விரிவாக்கியது. தனியார் காடுகளின் பாதுகாப்புக்கும் பணம் வந்தது. விவசாயிகளுக்குக் குறைந்த விலையில் மரக்கன்றும் கிடைத்தது. மாநில வன அலுவலகம் நிலச் சொந்தக்காரரின் வாசலுக்குப் போகும் வழக்கம் இங்கேதான் வேர் விட்டது.

மற்றொன்று, போர்ப் பாதை. எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்று 1935இல் வனச் சேவை உத்தரவிட்டது. 1944இல் தொப்பி போட்ட கரடி ஒன்றைச் சுவரொட்டியில் போட்டு, நெருப்பு என்றாலே கெட்டது என்று குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஆட்களும் விமானமும் பெருகப் பெருக, போரில் வெற்றி மேல் வெற்றி.

ஆனால் கொலராடோவின் அடிவாரத்தில் இருப்பது பாண்டரோசா பைன் காடு. அந்த மரத்துக்குத் தடித்த பட்டை. சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை தரையோடு ஒரு சிறு தீ ஓடி, சருகையும் சுள்ளியையும் சின்னக் கன்றுகளையும் தின்றுவிட்டுப் போகும்; பெரிய மரம் அடியில் ஒரு தழும்போடு நின்றுகொண்டிருக்கும். மின்னல் பாதி, பழங்குடி மக்கள் வைத்தது பாதி என்று வந்த அந்தச் சிறு தீயையெல்லாம் அணைத்து அணைத்து வந்ததில், மாட்டு வண்டி போகும் இடைவெளி இருந்த காடு பாம்பு நுழையாத அடர்த்தியானது. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த தீக்கு விறகு சேர்த்தது. கட்டாமல் தள்ளிப்போட்ட வட்டி மாதிரிதான். கடைசியில் அசலோடு சேர்த்து வசூலிக்க வந்துவிடும். 1970களில் பத்து மணி உத்தரவு கைவிடப்பட்டபோது வட்டி ஏகத்துக்கும் ஏறியிருந்தது.

கொலராடோ அலுவலகம்

கொலராடோ 1876இல் மாநிலமானபோதே, காடுகளைக் காக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்று தன் அரசியலமைப்பில் ஒரு பிரிவு எழுதிக்கொண்டது. 1885இல் ஒரு வன ஆணையரையும் நியமித்தது. ஆனாலும் இன்றைய மாநில வனச் சேவை முறையாகத் தொடங்கியது 1955இல்தான். அதைத் தலைநகரின் செக்ரெட்டேரியட்டில் வைக்காமல் ஃபோர்ட் காலின்ஸ் கல்லூரியோடு இணைத்தார்கள். பாடம் ஒரு கட்டடம், களம் ஒரு கட்டடம் என்று பிரியாததால், வகுப்பில் சொன்னதை மறுநாளே மலையில் பார்க்க முடிந்தது.

அலுவலகத்தின் வேலை என்ன? மாநிலத்தின் காட்டில் பெரும்பகுதி மத்திய அரசுடையது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தனியாருடையது. அந்தத் தனியார் நிலத்தில் அலுவலகம் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. போய்ப் பேச மட்டுமே முடியும். சொந்தக்காரர் கூப்பிட்டால் வன அதிகாரி வருவார். நிலத்தை நடந்து பார்த்து, எந்த மரம் இருக்கலாம், எது போகலாம் என்று குறி போட்டுக் கொடுப்பார். பட்டை வண்டு துளைத்த மரத்தைக் காட்டிக்கொடுப்பார். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய வண்டுத் தாக்குதலில் இந்த மாநிலத்தில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் பைன் காடு பாதிக்கப்பட்டதால் இது சின்ன வேலை அல்ல. 40 ஏக்கருக்குக் குறையாத காடு உள்ளவர், அலுவலகம் ஒப்புக்கொண்ட திட்டப்படி பராமரித்தால், நிலவரி விவசாய நிலக் கணக்கில் குறையும். மரம் கழிக்கும் செலவில் ஒரு பங்குக்கு மானியமும், நாற்றங்காலிலிருந்து கன்றும் உண்டு.

ஊருக்கு இதில் என்ன லாபம்? 1996 மே மாதம் டென்வர் நகருக்குத் தென்மேற்கே பஃபலோ க்ரீக் பகுதியில் சுமார் 12,000 ஏக்கர் எரிந்தது. இரண்டு மாதம் கழித்துக் கொட்டிய மழையில் வெந்த மலை கரைந்து, ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் வண்டலாக இறங்கியது. 2002இல் ஹேமன் தீ 138,000 ஏக்கரை எரித்து, அதே நகரின் இன்னொரு நீர்த்தேக்கமான சீஸ்மனைச் சுற்றிலும் கரியாக்கியது. இந்த இரண்டு தீயின் பின்விளைவுகளுக்காக டென்வர் குடிநீர் வாரியம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. பிறகு 2010இல்தான் வாரியம் மத்திய வனச் சேவையோடு கைகோத்து, மலையில் மரம் கழிக்கக் குடிநீர்ப் பணத்தைப் போட ஆரம்பித்தது. வண்டல் வாருவதைவிடச் சுள்ளி பொறுக்குவது மலிவு என்று கணக்குப் போட எத்தனை வருஷம் பாருங்கள்!

பேச்சைக் கேட்காத நெருப்பு

இத்தனையும் படித்தபோது தாத்தா சொன்னது அப்படியே சரி என்று எனக்குத் தோன்றியது. நாமே சின்னத் தீ வைத்தால் பெரிய தீ வராது. ஆனால் 2012 மார்ச் மாதத்து நிகழ்ச்சி ஒன்று என் வாயை அடைத்தது.

டென்வர் குடிநீர் வாரியத்துக்குச் சொந்தமான நிலத்தில், மார்ச் 22 அன்று மாநில வனச் சேவை திட்டமிட்டு ஒரு தீ வைத்தது. வேலை முடிந்தது, ஆட்கள் சுற்றிக் காவல் பார்த்தார்கள். நான்கு நாள் கழித்துப் பலத்த காற்று எழுந்தபோது, உள்ளே கனன்றுகொண்டிருந்த கங்கு எல்லையைத் தாண்டிவிட்டது. லோயர் நார்த் ஃபோர்க் தீ என்று அதற்குப் பெயர். 4,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. மூன்று பேர் உயிரிழந்தார்கள். காக்கப் போன அலுவலகமே வைத்த நெருப்பு அது.

மாநில அரசு அத்தகைய எரிப்பை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு சட்டம் செய்து, காட்டுத்தீயை எதிர்கொள்ளும் பொறுப்பை வனச் சேவையிடமிருந்து எடுத்துப் பொதுப் பாதுகாப்புத் துறையின் கீழ் ஒரு தனிப் பிரிவுக்குக் கொடுத்தது. வனச் சேவை கையில் மிஞ்சியது என்ன? கன்று, மரம், நிலச் சொந்தக்காரர், பேச்சு. தோற்றுப்போன அலுவலகம் என்று சிலர் நினைத்திருக்கலாம். என்னைக் கேட்டால், 1911இல் பிரிந்த முதல் பாதைக்கு அது அன்றைக்குத் திரும்பி வந்தது.

சமையலறை ஜன்னலோரத்து மரம்

இங்கே ஒரு சொந்த அனுபவம். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு மலையில் ஐந்து ஏக்கரும் ஒரு மரவீடும் உண்டு. நம் ஊரில் வயதானவர்கள் வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்பார்கள். இவர்கள் காட்டுக்குள்ளேயே வீட்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பிரச்சினையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்! 2017இல் வன அதிகாரி அவர் வீட்டுக்கு வந்தபோது நானும் கூட இருந்தேன். அதிகாரி என்றால் ஜீப்பும் டவாலியும் நினைக்க வேண்டாம். முதுகுப் பையோடு வந்த ஓர் இளம்பெண்.

அந்தப் பெண் முதலில் காட்டைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தார். பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது தீச்சுவர் அல்ல, ஒரு மைலுக்கு அப்பாலிருந்துகூடப் பறந்து வரும் கங்குதான் என்றார். வனச் சேவை விஞ்ஞானி ஜாக் கோஹன் 1990களில் நிலைநாட்டிய உண்மை இது. கனடாவில் உண்மையான காட்டையே கொளுத்திச் செய்த சோதனையில், 10 மீட்டரில் நிறுத்திய மரச்சுவர் பற்றியது. 30 மீட்டரில் நிறுத்தியது பற்றவில்லை. அதனால் கணக்கு வீட்டிலிருந்து வெளியே போகிறது. முதல் 5 அடியில் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது, சரளைக்கல் போடலாம். 5 முதல் 30 அடி வரை மரங்களுக்கு நடுவே இடைவெளி, தாழ்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். 30 முதல் 100 அடி வரை நெரிசல் குறைய வேண்டும். கூரையோரத் தூம்பில் சேரும் சருகை வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சமையலறை ஜன்னலை ஒட்டி நின்ற பைன் மரத்தில் அந்தப் பெண் ரிப்பன் கட்டப் போனபோது மட்டும், வேண்டாம் என்றார். அது காலமான அவர் மனைவி நட்ட மரம். அந்தப் பெண் ரிப்பனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சொல்வது என் வேலை, முடிவு உங்களுடையது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷமும் வந்தார். மரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தூம்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். 2019 வசந்தத்தில் பெரியவரே என்னைக் கூப்பிட்டு, "ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க வா" என்றார். வெட்டி முடித்து அடிமரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் பேசவில்லை.

2020 ஆகஸ்ட் 13 அன்று கேமரான் பீக் தீ தொடங்கியது. செப்டம்பர் ஆரம்பத்தில் ஒரே வார இறுதியில் ஒரு லட்சம் ஏக்கரைத் தாண்டியது. எட்டாம் தேதி பனி பெய்தது, அப்பாடா என்றோம். அக்டோபரில் மறுபடி எழுந்தது. ஃபோர்ட் காலின்ஸில் நண்பகலில் வானம் செம்மண் நிறம். கார் மேல் சாம்பல். "டேய், டிவில காட்டுறான், நீ எங்கடா இருக்க?" என்று விடுதி நண்பர்கள் அர்த்த ராத்திரியில் கூப்பிட்டார்கள். பெரியவர் ஒரு பையும் மனைவியின் போட்டோவுமாக என் வீட்டில் வந்து தங்கினார். 208,913 ஏக்கர் எரிந்து, மாநில வரலாற்றிலேயே மிகப் பெரிய தீ என்று பெயரெடுத்து, டிசம்பரில் அது அடங்கியது.

அவர் வீடு பிழைத்தது. ஆனால் காரணம் நாங்கள் செய்த வேலை அல்ல. ஒரு முகடு தள்ளிக் காற்று திரும்பிவிட்டது. தீ அங்கே வரவே இல்லை. திரும்பிப் போய் வாசலில் நின்றபோது அவர் கேட்டார்: "அப்படியானால் மரத்தை வீணாகத்தான் வெட்டினோமா?"

எனக்கு நம் ஊர் ஏரிக் கலிங்கு ஞாபகத்துக்கு வந்தது. கலிங்கில் தண்ணீர் விழாத வருஷங்கள்தான் அதிகம். அதற்காக யாராவது அதை வீண் என்று இடிப்பார்களா? அதை அவருக்குச் சொன்னேன். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. மறு வருஷம் வன அலுவலக நாற்றங்காலிலிருந்து ஓர் ஆஸ்பென் கன்று வாங்கி, வீட்டிலிருந்து 40 அடி தள்ளி நட்டார். சமையலறை ஜன்னலிலிருந்து அது தெரியும்.

காடே இல்லாத ஊரிலும்

காட்டுக்காரர்கள் கதைதானே என்று நானும் அலட்சியமாக இருந்தேன். 2021 டிசம்பர் 30 அன்று, குளிர்காலத்தின் நடுவில், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகக் காற்றில், போல்டர் அருகே மார்ஷல் தீ காய்ந்த புல்வெளி வழியாகப் புறநகருக்குள் புகுந்தது. ஒரே நாளில் 1,084 வீடுகள். அங்கே காடு இல்லை. நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் குடியிருக்கும் தெருக்கள்தான். மறுநாளே சுவரை ஒட்டி அழகுக்குப் போட்டிருந்த மரப்பட்டைச் சீவலை அள்ளிவிட்டு ஜல்லி கொட்டினேன். பெரியவரின் மரத்தைப் பற்றிப் பாடம் சொன்னவன் தன் ஐந்தடியைப் பார்க்க நாலு வருஷம் தாமதம்.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் வயதுப் பிள்ளைகள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளியும் ராக்கி மலைப் பைன் காடும் ஒன்றல்ல. அங்கத்து மருந்தை இங்கே அப்படியே ஊற்ற முடியாது. ஆனால் நம் வைகையும் தாமிரபரணியும் அந்த மலையில்தான் பிறக்கின்றன.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். வெற்றி மேல் வெற்றி வரும்போது பின்னால் விறகு சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். நாம் வைக்கும் நெருப்பும் சில சமயம் நம் பேச்சைக் கேட்காது. வைத்தவன் நாலு நாள் கழித்தும் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிகாரம் இல்லாத ஓர் அலுவலகம், ஒரே கதவை மூன்று வருஷம் பொறுமையாகத் தட்டி, ஒரு மரத்தை நகர்த்த முடியும்.

இரண்டு வருஷம் முன்பு ஊருக்கு வந்தபோது விடுதிப் பக்கம் போனேன். தாத்தா இல்லை. புல் சுவர் வரைக்கும் வளர்ந்து நின்றது. முன்னாள் மாணவர் சங்கத்துக்கு என் சிறு வேண்டுகோள்: வருகிற பங்குனிக்குள் யாராவது ஓர் ஆள் போட்டு, அந்த வண்டிப்பாதை அகலத்தை வெட்டிவிடுங்கள். கொளுத்தத் தெரிந்தவர் இப்போது இல்லை, அரிவாள் போதும்.